முன்பாரமும் பின்பாரமும்

சக்கரத்தின்மேல் அமைந்த சிறு குடில் ஒன்றை மோட்டார் காரின் பின்னே கோத்துக்கொண்டு ஊர்ஊராகச் செல்வதும், அக்குடிலிலேயே மோட்டார் சைக்கிள் ஒன்றையும் ஏற்றிச் சென்று, தங்கிய இடத்திலிருந்து அதன்மேல் ஏறிச் சுற்றுப்புறங்களைக் கண்டுவருவதும் மேல்நாடுகளில் பலர் விரும்பும் பொழுதுபோக்காகும். அந்த ஆசை நம் நாட்டு இளைஞரிடையேயும் இப்போது அரும்பியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் பயிலும் மாணவர்களும், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களும், “இப்படி ஒன்றை நாமே செய்துகொள்ள முடியாதா?” என்று என்னைக் கேட்பதுண்டு. முடியும் என்பதே என் விடை. இரும்பும் மரமும் கித்தானும் நம்மிடம் இருக்கின்றன. கை தேர்ந்த தொழிலாளரும் இருக்கின்றனர். ஆனால் ஒரே ஓர் உண்மையை மறந்துவிட்டு அந்த வண்டியைச் செய்தால், அது நமக்கும் எதிரே வருவோருக்கும் எமனாக முடியும். அந்த உண்மை என்ன என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

சக்கரத்தின்மேல் குடியிருப்பது மதுரைச் சீமைக்குப் புதிதன்று. சித்திரைத் திருவிழாவின்போது, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து வைகையில் இறங்குகிறார். இக்காட்சியைக் காண அந்நாளில் சுற்றுவட்டாரக் கிராமத்தார் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். அரிசியும் பருப்பும், பாத்திர பண்டங்களும், மாட்டுக்கு வைக்கோலும் அதே வண்டியில் வந்தன. வைகை மணலிலும் கரையோரத் தோப்புகளிலும் வண்டியை அவிழ்த்துப் போட்டு, அதன் நிழலில் சமைத்து உண்டு, குழந்தைகளைக் கூண்டுக்குள்ளும் பெரியவர்களை வண்டியின் அடியிலும் படுக்கவைத்து, சில நாட்கள் அங்கேயே குடியிருந்தனர். பேருந்தும் லாரியும் பெருகிய பிறகு இவ்வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் அழகர்கோயிலுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு செல்லும் மரபை விடாத ஊரார் இன்றும் உண்டு.

இங்கிலாந்தில் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885-ஆம் ஆண்டில், உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு குதிரை வண்டி வீட்டைச் செய்வித்தார். ‘நாடோடி’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் எடை ஏறத்தாழ 2 டன். பொழுதுபோக்குக்காகப் பூண்ட நடமாடும் வீடுகளுக்கு அதையே முன்னோடியாகக் கூறுவர். முதல் உலகப் போருக்குப் பின் குதிரையின் இடத்தில் மோட்டார் கார் வந்தது. கார் இழுக்கும் குடில்கள் பெருகின. இழுப்பது மாடாயினும், குதிரையாயினும், காராயினும், ஈருருளி வண்டிக்குரிய இயற்கை ஒன்றே. அதை நம் வண்டிக்காரர்கள் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டார்கள். அச்சொற்கள்தாம் முன்பாரம், பின்பாரம் என்பவை.

வண்டியின் அச்சை நடுவாகக் கொண்டால், அதற்கு முன்புறம் சாயும் எடை முன்பாரம். பின்புறம் சாயும் எடை பின்பாரம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவேதான் நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர், நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னே தள்ளுவார். அல்லது பின்னே இழுப்பார். மேட்டில் ஏறும்போது தாமே முன்னே நகர்ந்து அமர்வார். நுகத்தில் சிறிதளவு பாரம் நிற்க வேண்டும். அது மிகவும் கூடாது, இல்லாமலும் போகக் கூடாது என்பதே அவருடைய இலக்கணம். அவிழ்த்துவிட்ட வண்டியின் பின்புறத்தில் சிறுவர் நாலைந்து பேர் தொற்றினால் ஏர்க்கால் வானை நோக்கி எழுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இது பள்ளியில் நாம் படிக்கும் நெம்புகோல் தத்துவமே. எடையை அதன் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் சைக்கிள் ஏற்றும் டிரெய்லர் ஒன்று, அச்சிலிருந்து காரின் கொக்கி வரை 300 சென்டிமீட்டர் நீளமுள்ளது என்று கொள்வோம். அதன் சொந்த எடை 400 கிலோ. அந்த எடையின் மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னே இருக்கிறது. 400-ஐ 25-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால், கொக்கியின்மேல் நிற்கும் பாரம் 33 கிலோ என்று கிடைக்கும். தண்ணீரும் சாமான்களுமாக 100 கிலோவை அச்சுக்கு நேர்மேலே வைத்தால் இந்தப் பாரம் மாறாது.

இனி, ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ள புல்லட் ஒன்றை ஏற்றுவோம். இடம் வசதியாக இருக்கிறதென்று, அதன் எடையின் மையம் அச்சுக்கு 100 சென்டிமீட்டர் பின்னே அமையும்படி நிறுத்தினால் என்ன ஆகும்? கொக்கியின்மேல் பாரம் இல்லாது போவதோடு, 32 கிலோ அளவுக்கு அது மேல்நோக்கித் தூக்கும். அதே புல்லட்டை அதன் மையம் அச்சுக்கு 50 சென்டிமீட்டர் முன்னே அமையுமாறு நிறுத்தினால், கொக்கிப் பாரம் ஏறத்தாழ 66 கிலோ ஆகும். வண்டியின் மொத்த எடை 695 கிலோ. ஆகவே கொக்கியில் நிற்பது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் இந்தப் பத்தில் ஒரு பங்கையும் அதற்குச் சற்று மேற்பட்டதையுமே நல்ல அளவாகக் கொள்கின்றனர். ஐரோப்பாவில் அதைவிடக் குறைத்தும் வைப்பதுண்டு. எந்த அளவைக் கொண்டாலும், காரைச் செய்தவர் கொக்கிக்கு விதித்துள்ள வரம்பை மீறலாகாது. ஒரே வண்டி, ஒரே சுமை. நிறுத்திய இடம் மாறியதால் ஒன்று பத்திரமாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

பின்பாரம் மிகுந்த மாட்டு வண்டி நடக்கும் வேகத்தில் செல்வதால் மாட்டுக்குத் தொல்லை தருவதோடு நிற்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் இழுக்கும் வண்டியோ பின்பாரம் மிகுந்தால் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, இறுதியில் காரையே புரட்டிவிடும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்ற பாடத்தை இங்கே நினைவுகூர வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தல் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை உடையது. அத்தகைய பக்கக் காற்று ஒன்றே இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் போதும். ஆட்டம் கண்டால் வேகத்தைக் கூட்டலாகாது. பிரேக்கைத் திடீரென மிதிக்கவும் ஆகாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே தணிய விடவேண்டும்.

குடிலோடு மோட்டார் சைக்கிளையும் ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்வதை எண்ணிப் பாருங்கள். வத்தலக்குண்டு வரை சமவெளி. அதன்பின் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. அப்பாதையில் டிரெய்லரை இழுத்துச் செல்வது கடினம். இறங்கும்போது அது காரைப் பின்னிருந்து தள்ளும். குடிலை அடிவாரத்துத் தோப்பில் நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் மலையேறுவதே அறிவுடைமை. மேலும், எல்லா மோட்டார் சைக்கிளும் புல்லட்டாக இருக்க வேண்டியதில்லை. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலின் வழிவந்த குழுமம் 1980-இல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டை வெளியிட்டது. அந்த மரபில் இன்று ஓடும் வண்டி ஏறத்தாழ 90 கிலோதான். ஒரு புல்லட்டின் எடைக்கு இரண்டு மொபெட்டுகள் ஏறும். மலையேற வலிமையான எஞ்சின் வேண்டும். வயற்காட்டுப் பாதைகளில் சுற்றிவர இலேசான வண்டியே போதும். இதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு டிரெய்லரைத் திட்டமிடுங்கள்.

டிரெய்லரின் வடிவத்துக்கு நம் கூண்டு வண்டியே சிறந்த ஆசிரியர் என்பது என் கருத்து. தாழ்ந்த தட்டு ஒன்று, அதன்மேல் வளைவுகள், அவற்றின்மேல் கித்தான். பகலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் நடு இடமே இரவில் படுக்கை. சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும் நம் சமவெளியில், தகரத்தால் நாற்புறமும் அடைத்த பெட்டி அடுப்பாகிவிடும். மூங்கிற்பாய் வேய்ந்து இருபுறமும் திறந்திருந்த கூண்டு, வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டது. இவ்வாறு திறந்து வைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படிந்து தேங்கும். மோட்டார் சைக்கிளை வெளியே இறக்கி, தட்டைத் துடைத்து, நன்றாகக் காற்றாடவிட்ட பிறகே படுக்கையை விரிக்க வேண்டும். அடுப்பைக் குடிலுக்குள் மூட்டவே கூடாது. கூண்டு வண்டியில் வந்தவர்கள் வெளியே கல் கூட்டிச் சமைத்த வழக்கத்தை நாமும் பின்பற்றுவோம்.

இனி அச்சையும் சக்கரத்தையும் பார்ப்போம். மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். குடிலின் எடை, மோட்டார் சைக்கிள், தண்ணீர், சாமான் ஆகிய அனைத்தையும் கூட்டி, அதற்கு மேலும் தாங்கும் அச்சையும் டயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கட்டை வண்டியின் உயர்ந்த சக்கரம் திருமங்கலத்துக் கரிசலில் பள்ளம் மேடுகளைத் தாண்டிச் சென்றது. காற்றடைத்த டயர் பரந்து பதிவதால் சுமையை மண்ணில் பரப்புகிறது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசாமி 1970-களில் மாட்டு வண்டியைச் சீர்திருத்த முனைந்தபோது, மாட்டின் கழுத்துச் சுமையைக் குறைப்பதிலும் சக்கரம் இலகுவாக உருள்வதிலும் கருத்தைச் செலுத்தினார். பிரேக்கைப் பொறுத்தவரை, ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நாம் கணக்கிட்ட 695 கிலோ அந்த எல்லையை நெருங்கி நிற்பதால், பிரேக் வைப்பதே நலம்.

மோட்டார் சைக்கிளைப் பக்க ஸ்டாண்டை நம்பி நிறுத்தலாகாது. முன் சக்கரத்தை ஒரு தடுப்பில் முட்டவைத்து, முன்னும் பின்னும் இருபுறமுமாக நான்கு வார்ப்பட்டைகளால், ஸ்பிரிங் சற்றே அமுங்கும்படி இழுத்துக் கட்ட வேண்டும். சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி, கட்டுகள் தளர்ந்தனவா என்று பார்க்க வேண்டும்.

முகாமிடும் இடத்தில்தான் பலர் ஏமாறுவர். மோட்டார் சைக்கிளைப் பின்பலகை வழியாக இறக்கும்போது அதன் எடை அச்சைக் கடந்து பின்னே செல்கிறது. சற்றுமுன் முன்பாரமாக இருந்ததே நொடிப்பொழுதில் பின்பாரமாகிறது. காரிலிருந்து கழற்றிவிட்ட டிரெய்லராயின் அதன் மூக்கு எழும்பிவிடும். மோட்டார் சைக்கிள் இறக்குபவர்மேல் சாயும். ஆகவே முதலில் பின்புறத்து ஊன்றுகால்களை நிறுத்துங்கள். பிறகு மோட்டார் சைக்கிளை இறக்குங்கள். அதன்பின் காரைக் கழற்றுங்கள். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படுக்கையில் அனைவரும் ஒரே பக்கம் நகர்ந்தாலும் குடில் கவிழாமல் நான்கு மூலைகளிலும் ஊன்றுகால் இருக்க வேண்டும். மழை பெய்த கரிசலில் முகாமிடாதீர்கள். ஆற்று மணல் எவ்வளவு வறண்டு தோன்றினாலும் அதில் இரவு தங்காதீர்கள். மேற்கு மலையில் பெய்த மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே டிரெய்லரையும் அடக்குகிறது. ஆகவே பட்டறையில் செய்தவுடன் சாலைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிந்து, அவற்றுக்கிணங்கச் செய்து, பதிவு செய்த பிறகே ஓட்டலாம். பதிவு பெறும் வழியை வரைபடம் போடும் முன்னரே விசாரிப்பது பணத்தையும் உழைப்பையும் காக்கும். பின்புறத்துச் சிவப்பு விளக்கும், பிரேக் விளக்கும், திரும்பும் குறிவிளக்கும், ரிப்ளெக்டரும் இல்லாத டிரெய்லர் இரவில் நம் சாலைகளில் எத்தனை உயிருக்கு ஆபத்து என்பதை, விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரின் பின்னே சென்ற எவரும் அறிவர்.

விலைக்கு வாங்குவதா, செய்துகொள்வதா என்ற கேள்விக்கு என் விடை எளியது. அடிச்சட்டம், அச்சு, கொக்கி, பிரேக் ஆகிய நான்கையும் தக்க தொழிற்சாலையில் செய்தவையாக வாங்குங்கள். தட்டும், வளைவும், கித்தானும், படுக்கையும் உங்கள் கைவண்ணமாக இருக்கட்டும். உயிரைத் தாங்கும் பகுதியில் சிக்கனம் கூடாது. நிழல் தரும் பகுதியில் எவ்வளவு சிக்கனமும் செய்யலாம்.

இதைச் செய்யும் வசதி இப்போது இல்லாத மாணவர்களும் சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஓர் அடி நீளப் பலகையின் நடுவில் பென்சிலை அச்சாக வையுங்கள். பலகையின் ஒரு நுனியைச் சமையலறைத் தராசின்மேல் தாங்கவிடுங்கள். சிறு கல்லை மோட்டார் சைக்கிளாகக் கொண்டு அந்த நுனியின் பக்கமிருந்து மறுபக்கத்துக்கு விரல் விரலாக நகர்த்தி, தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் பென்சிலைக் கடந்து பின்னே போனவுடன் பலகையின் நுனி தராசைவிட்டு மேலே எழும். முன்பாரம் எங்கே முடிகிறது, பின்பாரம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த இடத்தில் உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.