கடைக்காரரிடம் அட்டை எண் எதற்கு?

இணையத்தில் ஒரு முறை புடவை வாங்கியவர், அடுத்த முறை பதினாறு இலக்கங்களையும் மறுபடி தட்டச்சு செய்யும் சிரமம் வேண்டாமே என்று அட்டையைச் சேமித்து வைக்கச் சம்மதித்துவிடுவது சகஜம். 2022 செப்டம்பர் வரை நம் நாட்டில் அந்தச் சம்மதத்தின் விளைவு, அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் கடையின் கணினியிலே போய்த் தங்குவதாகவே இருந்தது. அக்கணினியைக் காப்பவர் சமர்த்தரா, அசிரத்தையுள்ளவரா என்று அறிய வாடிக்கையாளருக்கு யாதொரு மார்க்கமும் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், அட்டையை வழங்கிய வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்புகளும் தவிர வேறெவரும் முழு எண்ணைச் சேமிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது. கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் மட்டும் கணக்கு பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளலாம். எண் இருந்த இடத்தில் இப்போது இருப்பது டோக்கன் என்னும் மாற்றுக் குறியீடு.

கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்கும் வில்லை வேறு கோயிலில் செல்லாதது போலவே, ஒரு கடைக்காக உண்டான டோக்கனும் மற்றொரு கடையில் செல்லாது. ஆகவே திருடியவனுக்கு அதனால் பிரயோஜனம் மிகச் சொற்பம். சங்கேதமாக்கிப் பூட்டிய எண்ணைச் சாவி கிடைத்தால் திறந்துவிடலாம். டோக்கனையோ மூல எண்ணோடு கணித சம்பந்தமே இல்லாதபடி அமைக்க முடியுமாதலால், இரண்டையும் இணைக்கும் அட்டவணை வேறிடத்திலுள்ள பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும்வரை, கடையின் கணினியை முற்றும் சூறையாடினாலும் அட்டை அகப்படாது. கெட்டிக்கார நிரலாளர்கள் இதற்கெனவே, பயனர் தரும் ரகசியத்தை முன்னதாகவே வாங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு, செயலியிடம் டோக்கனை மட்டும் ஒப்படைக்கும் மிடில்வேர் ஒன்றை நடுவே நிறுத்துகிறார்கள். இந்த நியாயம் அட்டைக்கு மட்டும் உரியதன்று. ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைத் தனிப் பெட்டகத்தில் வைத்து, மற்ற இடங்களில் மாற்றுக் குறியீட்டையே கையாள வேண்டுமென்று ஆதார் ஆணையம் 2017 இலேயே பணித்துவிட்டது.

வாடிக்கையாளருக்குள்ள பாத்தியதைகள் பலர் அறியாதவை. டோக்கன் உண்டாக்க அவருடைய வெளிப்படையான சம்மதமும் ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பும் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இஷ்டமில்லாதவரை நிர்ப்பந்திக்கவும் கூடாது. எந்தெந்தக் கடைகளில் தம் அட்டைக்கு டோக்கன் இருக்கிறதென்று பார்த்து, வேண்டாததை நீக்கும் வசதியை வங்கி தந்தாக வேண்டும்.

ஆயினும் டோக்கனைச் சர்வரோக நிவாரணி என்று கருதுவது பேதைமை. 2018 இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள் சேமிப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. பணம் செலுத்தும் பக்கத்திலேயே ஒரு சிறு நிரலைச் செருகி, பயணிகள் தட்டச்சு செய்த எண்ணையும் சி.வி.வி.யையும் அப்போதைக்கப்போது கவர்ந்து சென்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட அவ்விவகாரத்துக்காக 2020 இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். எண் பெட்டகத்தை அடையுமுன் வழியிலேயே பறிபோனால் பெட்டகம் என் செய்யும்? அதுபோலவே, ‘உங்கள் அட்டைக்கு டோக்கன் போட்டுத் தருகிறேன்’ என்று தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவனிடம் அதைச் சொல்லிவிட்டால், எந்த மிடில்வேரும் குறுக்கே வராது.

பணம் போய்விட்டால் பரிகாரம் உண்டு. ஆனால் அது வேகத்தைப் பொறுத்தது. வங்கியிடமும் நம்மிடமும் பிழையில்லாமல் வேறெங்கோ நேர்ந்த கசிவினால் நஷ்டமென்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியிலிருந்து செய்தி வந்த நாளை நீக்கி மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. நாலிலிருந்து ஏழு வேலைநாள் வரை தாமதித்தால், கணக்கின் வகைக்கேற்ப ரூ.5,000 முதல் ரூ.25,000 வரை என்ற வரம்புக்குள் ஒரு பங்கு நம் தலையில் விழும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கையே கதி. ரகசியத்தை நாமே சொல்லிவிட்டிருந்தால், தெரிவிக்கும் நிமிஷம்வரை போனதெல்லாம் நம் நஷ்டம். நஷ்டத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்பதை நிரூபிக்கும் பாரம் வங்கியைச் சார்ந்தது என்பதை வங்கிச் சாளரத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கலாம்.

ஆகையால் முதற்காரியம் அட்டையை முடக்கச் சொல்வது. உடனே 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ முறையிடுவது. முப்பது நாளில் வங்கி பதிலளிக்காவிட்டாலும், அளித்த பதில் திருப்தியற்றதாயினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். அங்கே வங்கியில் புகார் கொடுத்த தேதியைக் காட்ட வேண்டியிருக்குமாதலால், புகார் எண்ணை எழுத்தில் வாங்காமல் வங்கியை விட்டு வரக் கூடாது.