வெயிலூரில் சத்தமில்லாக் கம்ப்யூட்டர்

திருநெல்வேலியில் சித்திரை பிறந்ததும் கம்ப்யூட்டரின் குரல் மாறிவிடும். மார்கழியில் ஓடுவதே தெரியாமல் இருந்த கேபினெட், அக்னி நட்சத்திரத்தில் பட்டாசல் முழுக்கக் கேட்கும்படி இரையும். ஏதோ பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. வேலை செய்யும்போது ப்ராசஸர் அறையைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 24 டிகிரியில் இருந்தால் ப்ராசஸர் 64. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மதியம் 36 டிகிரியில் கொதிக்கும் அறையில் 76. கூடிப்போன அந்த 12 டிகிரியோடு மல்லுக்கட்டத்தான் ஃபேன் வேகமெடுக்கிறது.

ஆகவே சத்தம் குறைய வேண்டுமானால் முதலில் வாட்டைக் குறைக்க வேண்டும்; கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம்தான் சூடாக மாறுகிறது. 1977-இல் ஆப்பிள் II வந்தபோது அதில் ஃபேன் கிடையாது. இரைச்சலில்லாத பெட்டி வேண்டும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். அதைச் சாதித்தவர் ராட் ஹோல்ட் என்ற பொறியாளர். மின்சாரத்தில் பாதியை வெறும் சூடாக வீணடித்த பழைய பவர் சப்ளையை ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் ஸ்விட்சிங் வகையை அவர் வடிவமைத்தார். சூடு குறைந்தது, ஃபேனுக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்று நாம் கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்குவதும் அதே வகைதான்.

வங்கி வேலை, பிள்ளைகள் படிப்பு, சினிமா, தட்டச்சு என்ற அளவில் நிற்கும் வீட்டுக்கு 65 வாட் ப்ராசஸர் அதிகம். 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற சிப்புக்கு நிறுவனம் குறித்திருக்கும் அளவு 6 வாட். வேலை கூடும்போது அதுவும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஆனாலும் ஃபேனில்லாத சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இது போதாது. அவருக்கு ஃபேன் வேண்டும், அதுவும் பெரிய ஃபேன்.

இங்கேதான் இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். இழந்த காற்றை அகலத்தால் ஈடுகட்டலாம். 80 மில்லிமீட்டர் ஃபேனைவிட 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு இரண்டேகால் மடங்கு. அதனால் அது நிதானமாகச் சுற்றினாலே போதும். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பெரும்பாலும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் ஃபேன் வேகத்தைத் தொடுவதில்லை. ப்ராசஸர் 60 டிகிரியைத் தாண்டும்வரை மெதுவாகவே சுற்றட்டும் என்று அங்கே ஒருமுறை அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ப்ராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கில் வளைந்து ஏறும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கெட்டிக் கம்பிகள் அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீரை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே அந்த நீர் ஆவியாகும். ப்ராசஸர்மேல் சூடேறி, மறுமுனைத் தகடுகளில் குளிர்ந்து மறுபடி நீராகி, உட்சுவரில் படிந்த செம்புத்தூளின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

ஃபேனை அடக்கிய பிறகும் ஒரு ரீங்காரம் மிச்சமிருந்தால் அது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 அதிர்வு. டிஸ்க் மட்டும் தனியே இருந்தால் அது காதில் விழாது. திருகு வழியே கேபினெட் தகட்டுக்கு ஏறியதும் தகடே பாட ஆரம்பிக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் நடுத்தூணைச் சுற்றி 48 சிறுதூண்கள் செதுக்கியிருக்கிறார்களே, அங்கே ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூண்களும் அதிர்வதைப் போலத்தான். ரப்பர் வாஷர் வைத்தால் குறையும். எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிட்டால் அறவே நின்றுபோகும். அதில் சுழலும் பாகமே கிடையாது.

அடுத்தது நம் மண்ணுக்கே உரிய தொல்லை: தூசி. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப்புறம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வறண்டு இறங்குகிறது. காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்றுதான் ஹீட் சிங்க் இடுக்குகளில் மண்ணையும் அடைக்கிறது. தூசி படிந்த தகட்டின் வழியே காற்று நுழையாது. ஃபேன் எவ்வளவு விலையுள்ளதானாலும் கத்தத்தான் செய்யும். அதனால் காற்று நுழையும் பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலிமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனை ஜி.பி. என்று கேட்பதற்கு முன் எத்தனை வாட் என்று கேளுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஆனி பிறக்கும் முன்னால் ஒருமுறையும், ஆடி கழிந்ததும் ஒருமுறையும் அந்த வலையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.