விமானிகளின் உத்தியோக ஏணி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு சிறு பட்டணத்திலிருந்து சிகாகோவுக்கோ டல்லாஸுக்கோ புறப்படும் பிரயாணி, தமது டிக்கட்டிலே பெரிய விமானக் கம்பெனி ஒன்றின் பெயரைக் காண்கிறார். விமானத்தின் மீதும் அதே பெயர், அதே வர்ணம். ஆனால் அதனைச் செலுத்தும் விமானி பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சிப்பந்தியல்லர். என்வாய், ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் முதலிய சிறு கம்பெனிகளில் ஒன்றே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. பெரிய கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி விமானம் ஓட்டும் இவற்றைப் பிராந்தியக் கம்பெனிகள் என்பார்கள். ஒரே பெயரின் கீழ் இரண்டு தரத்து ஊழியர்கள். கீழ்த் தரத்திலிருந்து மேல் தரத்துக்கு ஏறுவது எவ்வாறு என்பதை நமது நேயர்கள் அறிவது நலம். தொழிலாளர் விஷயத்தில் சிரத்தையுள்ளவர்களுக்கு இதில் படிப்பினை உண்டு.

கைப்பணத்தையோ கடனையோ செலவிட்டு ஒருவர் பறக்கக் கற்கிறார். பிறகு பிறருக்குக் கற்பித்தே பறக்கும் மணிகளைச் சேர்க்கிறார். பொது விதிப்படி 1,500 மணி பூர்த்தியானால்தான் கம்பெனியில் உதவி விமானியாகலாம். ராணுவ விமானிகளுக்கும் விமானக் கலாசாலையில் படித்தவர்களுக்கும் சலுகை உண்டு. கம்பெனிச் சேவையில் மேலும் 1,000 மணி கழிந்த பின்னரே காப்டன் ஆசனம். அதற்குப் பிறகு பெரிய கம்பெனியின் வாசலைப் பார்த்துக் காத்திருக்கவேண்டும்.

அமெரிக்கன் கம்பெனி தனக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. ஆகிய மூன்றிலிருந்தும் விமானிகளை, நேர்முகப் பரீட்சையின்றி, வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேலே ஆள் எடுப்பது குறைந்தால் கீழே வரிசை நின்றுவிடுகிறது. 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60-லிருந்து 65-ஆக உயர்த்தினார்கள். மூத்தவர்களுக்கு லாபம், இளையவர்களோ மேலும் ஐந்து வருஷம் இருந்த இடத்திலேயே இருக்க நேர்ந்தது.

இந்த ஏணியின் விசித்திரம் பணிமூப்பு எண்ணில் இருக்கிறது. எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, எவரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்பன யாவும் கம்பெனியில் சேர்ந்த தேதியைப் பொறுத்தவை. இருபது வருஷம் காப்டனாயிருந்தவரும் வேறு கம்பெனிக்குப் போனால் கடைசி எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். முதலாளியின் தயவுக்கு அஞ்சாதிருக்கத் தொழிலாளர் சங்கங்கள் பாடுபட்டுக் காத்த முறை இது. அதனை நாம் குறை கூறோம். எனினும் 2020-ல் காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் கம்பெனிகள் மூடப்பட்டபோது, அவற்றின் விமானிகளுக்கு அத்தனை வருஷ மூப்பும் ஒரே நாளில் பூஜ்யமாயிற்று.

2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, காண்டினென்டல் பெயரில் கோல்கன் கம்பெனி ஓட்டிய விமானம் பபலோ நகரருகே ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். விசாரணையில் பிராந்திய விமானிகளின் சொற்பச் சம்பளமும், உறக்கமின்றி நெடுந்தூரம் பிரயாணம் செய்து வேலைக்கு வரும் அவல நிலையும் ஊரறிய வெளியாயின. இறந்தோரின் குடும்பத்தார் விடாது போராடியதால் 2010-ல் சட்டம் பிறந்து, 2013-ல் 1,500 மணி விதி அமுலுக்கு வந்தது. இளைப்பாறும் நேரத்துக்கும் புது விதிகள் ஏற்பட்டன. அந்த விமானிகள் இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பது கவனிக்கத் தக்கது. சம்பளத்தைப் பற்றியோ அச்சட்டம் ஒன்றும் செய்யவில்லை.

சம்பளம் வெகுவாக உயர்ந்தது 2022-ல். தொற்றுநோய்க் காலத்தில் பெரிய கம்பெனிகள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து ஓய்வு பெறச் செய்தன. பிரயாணிகள் திரும்பியதும் கீழேயிருந்தவர்களை விரைந்து இழுத்துக்கொண்டன. பிராந்தியக் கம்பெனிகள் ஆளின்றித் தவித்தன. அவ்வாண்டு ஜூனில் என்வாய் முதலிய மூன்றும், தற்காலிகப் படியும் சேர்த்து, முதலாண்டு உதவி விமானிக்கே மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. ஐம்பது உயிர்கள் சாதிக்காததை ஆள் பஞ்சம் சாதித்தது!

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் கம்பெனி, விமானிகள் போதவில்லையென்று, சர்க்கார் மானியத்தில் நடந்த 29 சிறு ஊர்களின் போக்குவரத்தை நிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. மாற்று ஏற்பாடு ஆகும்வரை நிறுத்தலாகாது என்று சர்க்கார் உத்தரவிடவேண்டியதாயிற்று.