பழைய இசைத்தட்டு ஒன்று காட்டிய இசைவாணர்

குன்றின்மேல் இட்ட விளக்கை யாவரும் காண்பர். குடத்துள் இட்ட விளக்கோ அருகிருப்பார்க்கும் புலப்படாது. கலையுலகில் இவ்விருவகை விளக்குகளும் உள. திரைப்பட இசை என்றவுடன் நம் மாணவ நண்பர் நாவில் எழும் பெயர்கள் சிலவே. அப்பெயர்க்குரியோர் அப்புகழுக்கு முற்றும் தக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாட்டு நிலைத்திருக்க, அப்பாட்டிற்கு இசை வகுத்தவர் பெயர் மட்டும் மறக்கப்படுதல் நம் நாட்டில் புதிதன்று. அங்ஙனம் எமக்கு நெடுநாள் மறைந்திருந்து, ஒரு பழைய இசைத்தட்டின் வாயிலாக வெளிப்பட்டவர் எம். பி. சீனிவாசன் ஆவர். அவரைப் பற்றியும், அவர் வளர்த்த சேர்ந்திசை என்னும் கலையைப் பற்றியும் ஈண்டுச் சில கூற முற்படுகின்றோம்.

சென்னையில் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட் பழைய நூல்களுக்கும் பழைய இசைத்தட்டுகளுக்கும் புகலிடமாய் இருந்தது. அதன் வழியில் வந்த சிறு கடைகள் இன்னும் ஆங்காங்கே உள. சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய கடையொன்றிற்குப் பழைய உரைநூல் தேடிச் சென்றிருந்தோம். நூல் கிடைத்திலது. துருவேறிய விசிறி ஒன்றின்கீழ் அடுக்கிக் கிடந்த தட்டுகளுள் ஒன்று கண்ணிற் பட்டது. ஒருபுறம் ஆழமாகக் கீறலுற்றிருந்தது. மறுபுறம் பழுதின்றி இருந்தது. நடுவிலிருந்த தாள் நைந்து போயினும், 'பாதை தெரியுது பார்' என்னும் படப்பெயரைப் படிக்க முடிந்தது. பாடல் ஜெயகாந்தன் எழுதியது என்று கண்டதும் யாம் வியந்தோம். சிறுகதையாசிரியராகவும் நாவலாசிரியராகவும் பாடவகுப்பில் யாம் அறிந்த அவர் திரைப்படத்திற்குப் பாட்டும் எழுதினாரோ என்னும் ஆவலாலேயே அதனை வாங்கினோம். இசை அமைத்தவர் பெயரை அப்பொழுது பொருட்படுத்தினோம் அல்லோம்.

தட்டினை வாங்கிவிட்டோம், அதனை இயக்கும் கருவி எங்கே? எம் தோழர் ஒருவரின் பாட்டனார் வீட்டில் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டு அது. அவ்வகைத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றே மிகுதியாகத்தான் பாட்டு அடங்கும். அச்சிறு பொழுதிற்குள் முகவுரை, பல்லவி, சரணம், இடையிசை யாவும் முடிந்துவிடல் வேண்டும். வெண்பாவின் நாலடிக்குள் பொருளை முடிக்கும் புலவனுக்குள்ள கட்டுப்பாடு இதுவெனலாம். முள் தட்டினைத் தொட்டது, மழைபெய்தாற்போன்ற இரைச்சல் எழுந்தது, அதனூடே பி. பி. ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி ஆகிய இருவர் குரலும் எழுந்தன. தென்னையையும் சிட்டுக்குருவியையும் பற்றிய எளிய பாட்டு அது. வாத்தியங்கள் சொல்லை மூடவில்லை. சொல்லுக்கு வழிவிட்டு நின்றன. பாட்டு முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. பின்னர், அறுபது ஆண்டிற்கு முன் இதே பாட்டைக் கேட்ட அப்பாட்டனார், "இதற்கு இசை யார் என்று பார், அப்பா" என்றார். கண்ணாடி கொண்டு பார்த்தபோதுதான் அப்பெயர் புலனாயிற்று.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது அவர்தம் முழுப்பெயர். 1925-இல் சித்தூர்ப் பகுதியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். பின்னர் டில்லி சென்று ஏ. கே. கோபாலனிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். ஆங்கே சைபுதீன் கிச்சலு அவர்களின் மகளார் ஜாஹிதாவை மணந்தார். 1919 ஏப்ரல் மாதத்தில் அமிருதசரசில் கிச்சலுவும் சத்தியபாலும் சிறைப்படுத்தப்பட்டதும், அதனையொட்டி மூண்ட கிளர்ச்சியினிடையே ஜாலியன்வாலாபாகில் மக்கள் கூடியதும் சரித்திரம் பயில்வார் அறிந்தவையே. தென்னாட்டு அந்தணர் குலத்து இளைஞரும் பஞ்சாபிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்து நங்கையும் இல்லறம் பூண்டமை, பல குரல்களை ஒன்றாக்கும் அவர்தம் கலைக்கு ஏற்ற தொடக்கம் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

'பாதை தெரியுது பார்' 1960-இல் வெளிவந்தது. வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் அதனை இயக்கினார். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் அதற்குப் பாடல் எழுதியுள்ளார். தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அப்படம் நடுவணரசின் தகுதிச் சான்றிதழைப் பெற்றது. எனினும் தமிழ்த் திரையுலகம் சீனிவாசனைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டிலது. அவரை நன்கு போற்றியது மலையாள நாடே. 1961 நவம்பர் 14-ஆம் நாள், கே. ஜே. ஏசுதாஸ் என்னும் கத்தோலிக்க இளைஞர் முதன்முறையாகத் திரைப்படத்திற்குப் பாடினார். அப்படம் 'கால்பாடுகள்', பாடியவை நாராயண குருவின் அடிகள், இசை அமைத்தவர் சீனிவாசன். சாதியும் சமயப்பகையும் ஒழிந்த நிலையைப் பாடும் அவ்வடிகளைக் கிறிஸ்தவக் குரலொன்று பாட, அதன்வழியே ஒரு பெரும் பாடகர் நாட்டிற்குக் கிடைத்தார்.

பாட்டே இல்லாத படத்திற்கும் இசை உண்டு என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) ஆகியவற்றில் பாடல்கள் இல்லை. ஆயினும் அவற்றின் பின்னணி இசை சீனிவாசனுடையது. எங்கே ஒலிக்க வேண்டும் என்பதை அறிதலினும், எங்கே ஒலியாது அடங்க வேண்டும் என்பதை அறிதலே இவ்வகை இசைக்கு உயிர். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) என்னும் தமிழ்ப் படத்திலோ, அவர் இசை அமைத்ததோடு, கழுதைக்குட்டி ஒன்றை வளர்த்து ஊராரின் நகைப்புக்கு ஆளாகும் கல்லூரிப் பேராசிரியராகவும் தோன்றினார்.

நிற்க. அவர்தம் தலையாய தொண்டு திரைப்படத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1971-இல் 'சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு' என்பதனை அவர் தோற்றுவித்தார். பாரதியார் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் இளைஞர் பலர் கூடிப் பல குரல்நிலைகளிற் பாடினர். சேர்ந்திசை என்பது யாதென ஈண்டு விளக்குதல் வேண்டும். பலர் கூடி ஒரே மெட்டை ஒரே சுரத்திற் பாடுதல் கூட்டுப்பாட்டு; நம் பஜனைகளும் கும்மிகளும் இத்தகையன. ஒரே காலத்தில் ஒரு சாரார் ஒரு சுரத்தையும் மற்றொரு சாரார் வேறு சுரத்தையும் பாட, அவை முரணாது இயைந்து ஒலித்தல் சேர்ந்திசை.

நம் கல்லூரி மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஞாயிறுதோறும் கோயிலில் இரண்டையும் கேட்கின்றோம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர் வழி வந்தோரும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே தமிழாக்கினர். அவற்றைச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ் என்னும் நாற்குரலிற் பாடுகின்றோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் அருளிய கீர்த்தனைகளை நம் நாட்டு இராகங்களில் ஒரே குரலாகப் பாடுகின்றோம். ஒரே கூரையின்கீழ் இவ்விரு நதிகளும் ஓடுகின்றன. ஆனால் பெரும்பாலும் கலப்பதில்லை. இவை கலக்கலாகுமா என்பதே கேள்வி.

கலத்தல் கூடாது என்பார் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. நம் இசை, ஆதார சட்சமம் ஒன்றினைப் பற்றி நிற்பது. பல சுரங்கள் ஒருங்கே ஒலிப்பின் செவி எதனை ஆதாரமாகக் கொள்வது என்று மயங்கும். மேலும், இராகத்தின் உயிர் கமகத்தில் உள்ளது. ஒருவர் அசைக்கும் சுரத்தைப் பதின்மர் ஒரே வகையாய் அசைத்தல் அரிது. தோடியை எடுத்துக்கொள்வோம். அதில் சட்சமமும் ரிஷபமும் அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. பஞ்சமமும் தைவதமும் அவ்வாறே. காந்தாரமோ அசைவின்றி நில்லாது. அத்தகைய இராகத்தில் நாற்குரலைப் புகுத்தின் இராகமும் கெடும், இயைபும் கெடும்.

ஆயினும் எல்லா இராகங்களும் தோடி அல்ல. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேனாட்டார் மேஜர் என வழங்கும் சுரவரிசையின் நிலைகளிலேயே அமைந்துள. மோகனத்திலோ ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். அவற்றுள் எவ்விரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லை. ஆதலின் எவ்விரண்டை ஒருங்கே ஒலிப்பினும் செவியை உறுத்துதல் குறைவு. மேலும், நாற்குரல் ஒன்றே வழியன்று. ஒரு சாரார் மெட்டினைப் பாட மற்றொரு சாரார் சட்சமத்தையோ பஞ்சமத்தையோ நீட்டி நிற்கலாம். ஒரு சாரார் பாடிய அடியைச் சற்றுப் பின்தங்கி மற்றொரு சாரார் தொடரலாம். வினாவும் விடையுமாகப் பிரித்துப் பாடலாம். இவற்றுள் எதுவும் இராகத்தின் எல்லையைக் கடக்க வேண்டுவதில்லை. நம் மரபில் வேரூன்றியே பல குரல்கள் ஒத்தியங்கக் கூடும் என்பதற்குச் சீனிவாசன் பயிற்றிய குழுவே சான்று.

இதனால் விளையும் பயன் இசையளவில் நிற்பதன்று. தனிப்பாட்டில் நல்ல குரலுடையார்க்கே இடமுண்டு. சேர்ந்திசையிலோ உச்சத்தை எட்டாத தாழ்குரலும் வேண்டப்படுகின்றது. அஃதின்றேல் கட்டடத்திற்கு அடித்தளம் இல்லை. உனக்குக் குரல் இல்லை என்று இளமையிலேயே விலக்கப்பட்டார் எத்துணையர்! யாமும் அவருள் ஒருவரே. கல்லூரிப் பாடகர் குழுவில் பாஸ் வரிசையின் கோடியில் இடம்பெற்ற அன்றுதான், எம் குரலுக்கும் ஒரு பணி உண்டென்று அறிந்தோம். எனவே இவ்விசைவாணரின் முயற்சியை இசைநூல் பற்றியதொரு வாதமாக மட்டும் எம்மாற் கருதக்கூடவில்லை.

இனி ஒன்று. இசைத்தட்டின் நடுவில் படத்தின் பெயர் உண்டு. பாடினார், எழுதினார், இசையமைத்தார் பெயரும் உண்டு. வயலின் வாசித்தார், குழல் ஊதினார், தபலா கொட்டினார் பெயர் அங்கு இல்லை. அவ்வாத்தியக்காரர்க்கு நியாயமான ஊதியம் கிடைத்தற்பொருட்டுச் சென்னையில் திரையிசைக் கலைஞர் சங்கம் அமைத்து உழைத்தவரும் சீனிவாசனே. பெயரில்லாதார்க்காகப் பாடுபட்டவரின் பெயரே இன்று பலர்க்குத் தெரியாமற் போயிற்று. 1988 மார்ச்சு 9-ஆம் நாள், சேர்ந்திசைப் பணியின்பொருட்டுச் சென்றிருந்த இலட்சத்தீவிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் தோற்றுவித்த குழு அவருக்குப் பின்னும் பாடிவந்தது. அவர் பெயரால் திருவனந்தபுரத்திலும் இளைஞர் குழு ஒன்று எழுந்தது.

ஆதலின் நண்பர்காள், உங்கள் இல்லத்துப் பரண்மேல் பழைய தட்டுகள் கிடப்பின், அவற்றைப் பழம்பொருள் என்று எடைக்குப் போடுமுன் நடுவிலுள்ள தாளினை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாட்டைக் கேட்டபின், இதற்கு இசை யார் என்று அப்பாட்டனாரைப் போலக் கேளுங்கள். வரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளில் நம் பாடகர் குழு மோகனத்தில் அமைந்த தமிழ்க் கீர்த்தனை ஒன்றனை இருகுரலிலேனும் பாட முயன்றால் எம் உள்ளம் மகிழும். முதலிற் சில இடங்களில் பிசகும். பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும் குடத்தை உடைத்தாலன்றி உள்ளிருக்கும் விளக்கு வெளிப்படாது என்பதைக் கிதியோனின் வரலாறு படித்த நமக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.