ஏரிக்கரையில் சித்திரை

சித்திரை பிறந்ததும் மதுரைச் சீமையில் வெயில் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. மோரும் விசிறியும் தோற்றுப் போகின்றன. அவ்வேளையில் பழனி மலைத் தொடரின் மேலே, சுமார் 7,000 அடி உயரத்தில், ஜனங்கள் கம்பளிச் சட்டை அணிந்து ஓர் ஏரியைச் சுற்றி உலாவிக் கொண்டிருப்பார்கள். அந்த ஊர்தான் கொடைக்கானல்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிர்ச்சியில் கீழ்நாட்டு வெயிலுக்கும் பங்கு உண்டு. சமவெளியில் காய்ந்த காற்று, கடலிலிருந்து வந்த ஈரத்தையும் சுமந்துகொண்டு, செங்குத்தான மலைச்சரிவில் ஏறுகிறது. மேலே செல்லச் செல்ல அது குளிர்ந்து மேகமாகிறது. ஆகையால் ஏப்ரல், மே மாதங்களில் காலை வானம் பளிங்குபோல் இருக்கும், பிற்பகலில் மஞ்சு மூடும், இடி முழங்கும், ஒரு பாட்டம் மழை கொட்டி ஓயும். பகல் உஷ்ணம் பெரும்பாலும் 20 டிகிரி ஸெண்டிகிரேடை ஒட்டியே நிற்கும்.

ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் சதுப்பு நிலமொன்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டானது. சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திரம்போல் பல கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. 1890-இல் இங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. அக்காலத்தில் இம்மலைக்குக் குளிர் தேடி வந்தவர்கள் அமெரிக்கப் பாதிரிமார்களும் ஆங்கில உத்தியோகஸ்தர்களுமே. அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துச் சுமந்து ஏற்றியவை நம் நாட்டு ஏழைகளின் தோள்கள். 1916-இல் மலைச்சாலை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பின்னரே அந்தத் தோள்களின் பாரம் குறைந்தது.

இன்று படகுத்துறை எல்லோருக்கும் உரியது. துடுப்புப் படகில் குழந்தைகள் கைகளை நீரில் அளைந்துகொண்டு போகிறார்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள கரைச்சாலையில் சிலர் குதிரையிலும் சிலர் சைக்கிளிலும் சுற்றுகிறார்கள். பக்கத்திலுள்ள பிரையண்ட் பூங்காவில் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அடுத்த தலைமுறைக்கும் இந்த உல்லாசம் கிட்ட வேண்டுமானால், ஏரிக்குப் பின்னாலுள்ள காட்டையும் நாம் கவனித்தாக வேண்டும்.

மலை மடிப்புகளிலே அடர்ந்திருக்கும் குறுங்காட்டுக்குச் சோலை என்று பெயர். ஆங்கிலேயர்களும் இச்சொல்லை நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் பஞ்சுபோல் மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளிலே கசிய விடுகின்றன. பழனி மலையையும் அதை அடுத்த தென்மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத சிரிப்பான் குருவி இங்கே வாழ்கிறது. மலை அணில் கிளைக்குக் கிளை தாவுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கிறது. கடைசியாக 2018-இல் பூத்தது.

பிரயாணிகளுக்கு மிகவும் பிரியமான பிராணி காட்டெருமை. ஆறடி உயரமும், ஆயிரம் கிலோவை எட்டும் எடையும், வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்களும் உடையது. அது கடைத்தெருவில் நடந்து வருவதைக் கண்டு ஜனங்கள் ஆனந்தப்படுகிறார்கள். அருகே சென்று படமெடுக்கவும் துணிகிறார்கள். அது ஏன் ஊருக்குள் வருகிறது என்பதைச் சற்று ஆலோசிக்க வேண்டும். அதன் மேய்ச்சல் நிலமாயிருந்த புல்வெளிகளில் பெரும்பகுதியை யூகலிப்டஸும் பைன் மரமும் சீகை மரமும் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்நிய மரங்களை முதலில் கொண்டுவந்தவர்கள் வெள்ளையர்கள்தான். ஆனால் சுதந்திரம் வந்த பிறகு அவற்றைத் தோட்டம் தோட்டமாகப் பெருக்கியவர்கள் நாமே. துரைமார்களைக் குறை கூறி இவ்விஷயத்தில் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஏரியின் நிலைமையும் இத்தகையதே. கழிவு நீர் கலப்பதும், களைகள் மண்டுவதும் நீண்ட காலக் குறைகள். ஏரியிலிருந்து வழியும் ஜலமே மலைச்சாலையோரத்தில் வெள்ளியருவியாக விழுந்து கீழ்நாட்டை நோக்கிப் போகிறது. மேலே எறியும் அழுக்கு மேலேயே நின்றுவிடுவதில்லை.

கூட்டமோ அளவு கடந்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல், கொடைக்கானல் செல்லும் வாகனங்கள் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறும் முறை வந்தது. 2025 ஏப்ரலில், சாதாரண நாட்களில் 4,000 வாகனங்கள், வாரக் கடைசியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இது தொந்தரவு என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால் உறவினர் வீட்டுக்குப் போகும்போதுகூட முன்னதாகக் கடிதம் போடுவது நம்மவர் வழக்கமல்லவா?

ஒரு காலத்தில் இந்த ஏரி அந்நியர்களின் விளையாட்டிடமாயிருந்தது. இப்போது அது நம் சொத்து. சொத்து என்றால் அனுபவிக்கும் பாத்தியதை மட்டுமல்ல, பராமரிக்கும் கடமையும் சேர்ந்ததே. இந்தக் கோடையில் மலையேறும் குடும்பங்கள், தின்ற பொட்டலத்தின் காகிதத்தை மடித்துத் தங்கள் பையிலேயே திரும்பக் கொண்டுவரட்டும். காட்டெருமையைக் கண்டால் தூர நின்று வழிவிடட்டும். குழந்தைகளுக்கு அதைவிடச் சிறந்த தேசபக்திப் பாடம் வேறு இல்லை.