ஆடு தொடாத இலை!

விழுப்புரத்துக்கு அருகே திருவாமாத்தூர்! பெயரிலேயே 'ஆ' இருக்கிறது, ஆநிரைக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த ஆவும் ஆடும் வாய்வைக்க மறுக்கும் செடியொன்று தமிழ்நாட்டு வேலிகளிலே நிற்கிறது. ஆடு தொடாது, ஆகவே ஆடாதோடை என்பார்கள்.

ஆடு ஒதுக்கிய அந்த இலையைத்தான், தோழர்களே, அரிசி ஆலையின் தவிட்டுத் தூசியிலும் செங்கற்சூளையின் புகையிலும் நெஞ்சு கட்டிப்போன உழைப்பாளி தேடினான். கஷாயம் வைத்துக் குடித்தான். சளி இளகிற்று என்றான்.

எதனால் இளகிற்று? 'மந்திரம்' என்றான் ஒருவன். 'மடமை' என்றான் மெத்தப் படித்த மற்றொருவன். இருவருமே இலையைக் கேட்கவில்லை! கேட்டது இரசாயனம்.

உதகமண்டலத்திலே, சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆய்வாளராக இருந்தவர் டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர். 1888-இல் ஆடாதோடை இலையின் சாரத்தை அவர் பிரித்தெடுத்தார். வாசிசைன் என்பது அதன் பெயர். இத்தகைய ஆய்விலே மாயம் ஏதுமில்லை. காய்ந்த இலைத்தூளை ஸ்பிரிட்டிலே ஊறவைப்பார்கள், அமிலநீரிலே சாரத்தை இறக்குவார்கள், காரம் சேர்த்துத் தனியே பிரிப்பார்கள், பிறகு தராசிலே நிறுப்பார்கள். அவ்வளவுதான்!

அந்த வாசிசைனின் அமைப்பை அடியொற்றி ஜெர்மன் கூடத்திலே உருவான பிரோம்ஹெக்சின் 1963-இல் சந்தைக்கு வந்தது. அது உடலுக்குள்ளே மாறிப் பிறக்கும் பொருள் அம்ப்ராக்சால். சளி மருந்துப் புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள், பலவற்றிலே இந்த இரண்டில் ஒன்று இருக்கும். வேலி நம்முடையது, வித்தை அவர்களுடையது, விலை கொடுப்பதோ நாம்!

'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று மார்தட்டினால் போதுமா? போதாது. அளந்து பார்த்தவன்தான் ஆபத்தையும் கண்டான். அதே வாசிசைன் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே கருவுற்ற பெண்ணுக்கு ஆடாதோடைக் கஷாயம் ஆகாது. சாரத்தின் அளவும் பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறும். 'ஒரு கைப்பிடி' என்ற கணக்கு எப்படிச் சரியாகும்?

தூதுவளையிலும் கண்டங்கத்திரியிலும் சோலசோடின் வகைச் சாரங்கள் உண்டு. ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துச் சிறு அளவிலே சோதித்தும் இருக்கிறார்கள். பெரிய அளவிலே சோதிக்க வேண்டாமா? தாம்பரத்திலே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆய்வு வளரட்டும், மூலிகைப் பொட்டலம் ஒவ்வொன்றின் மீதும் சாரம் எவ்வளவு என்று அச்சிடட்டும். அது சலுகையல்ல, காசு கொடுப்பவனின் உரிமை!

இன்னொன்றும் சொல்லவேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் இலையை நம்பிக் காத்திராதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேதான் இருக்கிறது, சளியைச் சோதியுங்கள். காசநோயானால் அரசு மருத்துவமனையிலே மருந்து இலவசம்.

பாட்டியின் பக்குவத்தைப் பழிக்கவேண்டாம், பரிசோதனைக்குப் பயப்படவும் வேண்டாம். இலையை ஆடு தொடாமல் போகட்டும், அறிவு தொடாமல் போகக்கூடாது!