பெயரைத் தேடினால் ஆள் எப்படிக் கிடைக்கிறார்?

தேடுபொறியில் ஒரு பெயரை இட்டதும் அது அந்த நொடியில் இணையம் முழுவதையும் துழாவுவதில்லை. கிராலர் எனப்படும் நிரல்கள் இணைப்பு விட்டு இணைப்பு தாவிப் பக்கங்களை முன்கூட்டியே படித்துவிடுகின்றன. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது, நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு போல, பதிந்து வைக்கப்படுகிறது. தேடல் நடப்பது அந்த அடைவில்தான். கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்கள் பொதுவாக அதில் ஏறுவதில்லை.

பொறிக்கு முதலில் தெரிவது ஆள் அல்ல, எழுத்துகளின் வரிசை. பிற பக்கங்கள் அதிகம் சுட்டும் பக்கத்துக்கு முன்னுரிமை தரும் பேஜ்ரேங்க் முறையை, கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் விளக்கினர். இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் ஒரே பெயரில் புகழ்பெற்றவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் பின்னுக்குப் போவார்கள். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுதல்: தலைப்பெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். பெயரை மேற்கோள்குறிக்குள் இட்டு, ஊரையோ தொழிலையோ சேர்த்துத் தேடுவதே நல்ல வழி.

தன் பெயரில் வரும் பழைய செய்தியை நீக்கக் கோர முடியுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே மாதம் முடியும் என்றது. பொருத்தமற்றுப்போன இணைப்புகளைப் பெயர்த் தேடலிலிருந்து கூகுள் நீக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஆனால் நீங்குவது இணைப்பு மட்டுமே. மூலப் பக்கம் அப்படியே இருக்கும். அதை எடுக்க, வெளியிட்டவரிடம்தான் கேட்க வேண்டும்.